சின்ன வால்வு அம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர்: எட்டா, பத்தா, பன்னிரண்டா?

5 வாற், 15 வாற் வால்வு கிற்றார் அம்ப் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் மாற்ற நினைத்தால் முதலில் கேட்பது "ஜென்சனா, செலஸ்ரியனா?" என்றுதான். என் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை அங்குலம், ஒரு வாற்றுக்கு எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) என்ற மூன்றும் முடிவான பிறகுதான் கம்பனிப் பெயருக்கு வேலை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாங்குகிறவருக்கு இது இன்னும் முக்கியம். ஒரே அம்ப்பில் நாலு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு வாங்குகிற வசதி நமக்குக் கிடையாது. கொழும்பில் சொல்லிவைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் கனடாவிலோ லண்டனிலோ இருந்து வருகிற சொந்தக்காரரின் சூட்கேசில் வர வேண்டும். வந்த பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப ஏலாது. ஆகவே காசு கொடுக்கும் முன் கடதாசியிலேயே முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் உண்மையில் போய்விட்டதா என்று பாருங்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. அந்த உப்புக்காற்றில் இரும்புக் கேற்றே நிற்பதில்லை. ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் கோன் என்கிற கடதாசிக் கூம்பை அசைக்கிற கம்பிச்சுருளான வொய்ஸ் கொயிலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட வராது. அதற்குள் துரு பூத்தால் கொயில் உரசத் தொடங்கும். அம்ப்பை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரையும் விடுவித்துவிட்டு, இரண்டு பெருவிரல்களையும் கோனின் இரு பக்கமும் வைத்து மெதுவாக, சரிசமமாக அமுக்கி விடுங்கள். காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் கொயில் சுகமாக இருக்கிறது. சர் சர் என்று உரசல் கேட்டால் துரு பிடித்திருக்கிறது, அல்லது கொயில் மையம் விலகிவிட்டது. அடுத்து, ஒரு ரோர்ச்சைப் பின்னால் பிடித்துக் கோனின் ஓர மடிப்பைச் சுற்றிவரப் பாருங்கள். மாரி மழை முடிகிற தை மாதத்தில் அந்த மடிப்பில்தான் பூஞ்சணம் வெள்ளையாகத் தெரியும், கடதாசி நைந்த இடத்தில் வெளிச்சம் ஊசிமுனையளவு கசியும். இரண்டும் இல்லை, ஆனால் வாசிக்கும்போது இரைகிறது என்றால் ஆட்டம் கண்ட ஸ்குரூவும் தளர்ந்த வால்வும்தான் பெரும்பாலும் காரணம். அதற்கு ஸ்பீக்கர் வாங்கத் தேவையில்லை.

பழைய ஸ்பீக்கருக்குப் புதுக் கோன் போட்டுக் கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். கோயில் திருவிழாப் பெட்டிகளின் பேஸ் ஸ்பீக்கருக்கு அது நல்ல வழி. கிற்றார் ஸ்பீக்கருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கிற்றார் ஸ்பீக்கரில் ஒலியின் குணத்தில் பெரும் பங்கு கோன் கடதாசியின் தடிப்பிலும் மடிப்பிலும் இருக்கிறது. கையில் கிடைத்த கோனைப் போட்டால் பழைய சட்டத்தில் முன்பின் தெரியாத ஒரு புது ஸ்பீக்கர்தான் மிஞ்சும்.

இனி ஓம். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வால்வு அம்ப்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அவுட்புட் ரான்ஸ்போமர் ஒன்று நிற்கிறது. ஸ்பீக்கரின் 4 ஓமோ 8 ஓமோ அதன் வழியாகத்தான் வால்வுக்குச் சில ஆயிரம் ஓமாகத் தெரியும். அந்தக் கணக்கு தவறினால் வலுவும் குறையும், தொனியும் மாறும், எல்லை மீறிப் போனால் வால்வுக்கோ ரான்ஸ்போமருக்கோ கேடு. ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு அம்ப்பைப் போட்டு வாசிப்பது அதைவிட மோசம். ரான்ஸ்போமருக்குள் வோல்ற் எகிறிப் பாய்ந்து சுருள் எரியும். ரான்சிஸ்ரர் அம்ப்போடு பழகினவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, வயர் இரண்டும் முட்டினால்தான் ஆபத்து.

ஃபெண்டர் சேம்ப் வகை அம்ப்கள் 4 ஓம் கேட்கும். பழைய ற்வீட் (துணி போர்த்திய) சேம்ப்பில் 3.2 ஓம் ஸ்பீக்கர் இருந்தது. புளூஸ் ஜூனியருக்கு 8 ஓம். மார்ஷல் கிளாஸ் 5, வொக்ஸ் ஏசி15சி1 இரண்டுக்கும் 16 ஓம். உங்கள் அம்ப்பின் முதுகிலோ ஸ்பீக்கரின் காந்தத்திலோ எழுத்து அழிந்திருந்தால் மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். மீற்றர் காட்டுவது நேர்மின் தடையை மட்டும்தான், ஆகவே எண் எப்போதும் குறைவாகத்தான் வரும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டும், 8 ஓம் 6 முதல் 7 வரை, 16 ஓம் 11 முதல் 13 வரை. இரட்டிப்போ பாதியோ வித்தியாசமாக இருந்தால் நல்ல ரான்ஸ்போமர் பொதுவாகத் தாங்கும். ஆனால் புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிற சாமானில் ஏன் அந்தக் கவலை? சரியான ஓமையே எடுங்கள்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ அம்ப்பே வந்திருந்தால் அது 120 வோல்ற் சாமானாக இருக்கும். நம்முடைய 230 வோல்ற்றில் நேரே குத்தினால் ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்க அவசியமே வராது. வோல்ற்றைக் குறைக்கிற ரான்ஸ்போமர் இருக்கிறதா என்று அதை முதலில் பாருங்கள்.

இப்போது டெசிபல். ஸ்பீக்கரின் விவரத் தாளில் 'சென்சிற்றிவிற்றி' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாற் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் என்பது அது. வாங்குகிறவர்கள் அந்த எண்ணைத் தாண்டி, எத்தனை வாற் தாங்கும் என்பதையே பார்க்கிறார்கள். 5 வாற் அம்ப்புக்கு 60 வாற் தாங்கும் ஸ்பீக்கர் போட்டால் சத்தம் கூடாது. அது தாங்கும் பலம் மட்டும்தான். சத்தத்தைக் கூட்டுவது சென்சிற்றிவிற்றி. 3 டெசிபல் கூடினால் அம்ப்பின் வாற்றை இரட்டித்ததற்குச் சமம். 93 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 99 டெசிபல் ஸ்பீக்கரைப் பூட்டினால் உங்கள் 5 வாற் அம்ப் பழைய ஸ்பீக்கரில் 20 வாற் அம்ப் போடுகிற சத்தத்தைப் போடும். அம்ப்பில் ஒரு வயரைக்கூடத் தொடாமல் இது நடக்கிறது. சின்ன அம்ப்புக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

தாங்கும் பலத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 வாற் என்பது சுத்தமான ஒலிக்குச் சொல்கிற கணக்கு. வொலியூமை முழுக்கத் திருப்பி அம்ப் கரகரக்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை தள்ளும். ஆகவே அம்ப்பின் வாற்றைப் போல இரண்டு மடங்கு தாங்குகிற ஸ்பீக்கர் இருந்தால் நிம்மதி.

எட்டு அங்குலத்தை எட்டு அங்குலத்தாலேயே மாற்றுவதுதான் லேசான வழி. பலகையை வெட்டத் தேவையில்லை, துளைகள் பொருந்தும், பெட்டியின் தோற்றம் மாறாது. ஜென்சன் சி8ஆர் 25 வாற் தாங்கும், செலஸ்ரியன் எய்ற் 15 பெயரிலேயே சொல்வதுபோல் 15 வாற். இரண்டும் 4 ஓமிலும் கிடைக்கும் என்பது சேம்ப்காரர்களுக்கு நல்ல செய்தி. ஜென்சனில் மேல் சுருதி பளிச்சென்று வரும், செலஸ்ரியனில் நடுப்பகுதி தடித்து நிற்கும். ஆனால் எட்டு அங்குலத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கோன் சின்னது, சேம்ப் வகைப் பெட்டியின் முதுகு திறந்தது. பின்னால் போகிற காற்று முன்னால் வருகிற காற்றோடு சேர்ந்து கீழ்ச் சுருதியைத் தின்றுவிடும். எத்தனை நல்ல ஸ்பீக்கர் போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

"அண்ணன், எட்டு இஞ்சு ஸ்பீக்கர மாத்தினா ட்ரம்ஸோட நிக்குமா?" என்று கேட்கிற தம்பிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "நிக்காது தம்பி. மைக் வெச்சா நிக்கும்." வீட்டில் வாசிக்க, பாட்டுப் பதிவு செய்ய, மைக் வைத்து வெளியே அனுப்ப எட்டு அங்குலம் தாராளமாகப் போதும். கோனிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு மைக்கை வைத்தால், பெரிய பெட்டியிலிருந்து வருகிறதா சின்னப் பெட்டியிலிருந்து வருகிறதா என்று கேட்பவருக்குச் சுலபத்தில் பிடிபடாது.

பத்து அங்குலம் நடுவழி. எட்டைவிடக் கோனின் பரப்பு பாதிக்கு மேல் கூடுகிறது. சேம்ப் அளவுப் பெட்டிகள் சிலவற்றில் முன்பலகையை மாற்றினால் பத்து அங்குலம் உள்ளே போகும். ஆனால் ஸ்பீக்கரின் முகம் போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மின்பாகங்கள் பூட்டிய தகரச் சட்டமான சேஸி மேலே தொங்குகிறது, வால்வும் ரான்ஸ்போமரும் தலைகீழாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய காந்தம் அவற்றில் முட்டலாம், அல்லது சூடான வால்வுக்கு மிகக் கிட்டப் போகலாம். ஸ்பீக்கரின் ஆழத்தை விவரத் தாளில் பார்த்து, மட்டைத் துண்டொன்றை அந்த அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். ஜென்சன் பி10ஆர் பழைய அமெரிக்க ஒலி தருகிற, அல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தம் உள்ள ஸ்பீக்கர், சென்சிற்றிவிற்றி தொண்ணூறுகளின் நடுவில். எமினன்ஸ் ரேஜின் கேஜன் 75 வாற் தாங்கும், 100 டெசிபலை ஒட்டி நிற்கும், சத்தம் கேட்பவர்களுக்கு அது. மார்ஷல் கிளாஸ் 5, ஃபெண்டர் புரோ ஜூனியர் வைத்திருப்பவர்களுக்கு அம்ப்பே பத்து அங்குலம்தான் என்பதால் வெட்டுக்கொத்து இல்லை.

என் மனம் நிற்பது பன்னிரண்டில். அதிலும், சின்ன அம்ப்பின் உள் ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு, தனிப்பெட்டி ஒன்று அடித்து அதில் ஒரு பன்னிரண்டு அங்குலத்தைப் பூட்டுவது. எட்டு அங்குல அல்னிக்கோ ஒன்றுக்குக் கொட்டுகிற காசை மரவேலைக்கும் ஒரு நடுத்தர பன்னிரண்டு அங்குலத்துக்கும் பிரித்துக் கொடுத்தால் கிடைக்கிற மாற்றம் பல மடங்கு பெரியது. கோனின் பரப்பு எட்டைவிட இரண்டே கால் மடங்கு. 97, 98, 100 டெசிபல் என்பதெல்லாம் இந்த அளவில் சாதாரணம். 5 வாற் சேம்ப் ஒன்று பன்னிரண்டு அங்குலப் பெட்டியில் பாடுவதை முதன்முதல் கேட்பவர்கள் அம்ப்பைத்தான் மாற்றிவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

பெட்டிக்குப் பலகை தேர்வதில் ஊரை யோசிக்க வேண்டும். தூள்பலகை கூடவே கூடாது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும்வரை அது ஈரம் குடித்து வீங்கி, ஸ்குரூ பிடித்த இடம் பொருமிவிடும். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் எடுங்கள். வள்ளம் கட்டுகிற ஊரில் அதைப் பற்றித் தச்சருக்கு விளக்கத் தேவையில்லை. பழைய ஃபெண்டர் ற்வீட் பெட்டிகள் பைன் பலகையில் செய்தவை, ஆகவே லேசான, நன்றாகக் காய்ந்த முழுப்பலகையும் பிழையில்லை. பின்பக்கத்தைப் பாதி திறந்து விடுங்கள். அம்ப்பிலிருந்து பெட்டிக்குப் போகிற வயர் இரண்டு கம்பி ஸ்பீக்கர் வயராக இருக்க வேண்டும். கிற்றாரில் குத்துகிற வயர் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் அதைப் போடக் கூடாது.

இந்த வழியில் ஒரு முள் உண்டு. பன்னிரண்டு அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 8, 16 ஓமில்தான் வருகின்றன, சேம்ப் கேட்பதோ 4. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை சேர்த்து) கட்டினால் 4 ஓம் வரும், ஆனால் பெட்டி பெரிதாகும், செலவும் இரட்டிக்கும். பத்து அங்குலம் இரண்டைப் போட்டால் பெட்டி சமாளிக்கும் அளவில் நிற்கும், ஒலியும் அகலமாக வரும். 5 வாற் அம்ப்பில் ஒற்றை 8 ஓமைப் போட்டு வாசிப்பவர்களும் நிறைய. கொஞ்சம் வலு குறையும், அவ்வளவுதான். அப்படியானால் வொலியூமை முழுக்கத் திருப்பிவைத்து மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

பன்னிரண்டில் எது என்பதுதான் இனிமேல் ருசி சார்ந்த விஷயம். செலஸ்ரியன் கிறீன்பேக் 25 வாற், 98 டெசிபல். நடுச்சுருதி முன்னுக்கு நிற்கும், மேல் சுருதி காதைக் கிழிக்காது, அம்ப் கரகரக்கத் தொடங்கும்போது சேர்ந்து கரகரக்கும். ஏசி15சி1 அதோடுதான் வந்தது. வின்ரேஜ் 30 என்பது 60 வாற், 100 டெசிபல். சத்தம் கூடும், ஆனால் மேல் நடுச்சுருதியில் ஒரு மேடு இருக்கிறது, ஏற்கெனவே பளிச்சென்ற அம்ப்பில் அது குத்தும். செவன்ரி 80 மலிவானது, 80 வாற் தாங்கும், 98 டெசிபல். சின்ன அம்ப்பில் அது கொஞ்சம் உணர்ச்சியற்றுக் கேட்கும் என்பது என் அபிப்பிராயம், காசு இறுக்கமானால் பரவாயில்லை. கஞ்சாச் செடி இனத்தின் ஹெம்ப் நார்க் கோனுடன் வருகிற எமினன்ஸ் கன்னபிஸ் ரெக்ஸ் 50 வாற், 100 டெசிபலைத் தாண்டும், மேல் சுருதி மிருதுவாக வரும். புளூஸ் ஜூனியரின் கூரான ஒலியைத் தணிக்க விரும்புபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எல்லாருக்கும் கனவு செலஸ்ரியன் அல்னிக்கோ புளூ. 100 டெசிபல், மணிச்சத்தம்போல் மேல் சுருதி. அது தாங்குவது 15 வாற் மட்டும். 5 வாற் அம்ப்புக்கு அற்புதமான சோடி. 15 வாற் அம்ப்பை முழுக்கத் திறந்து வாசிக்கிறவருக்கு ஒற்றைப் புளூ விளிம்பில் நிற்கிற வேலை. விலையும் கிறீன்பேக்கைவிட நன்றாகவே மேலே.

அல்னிக்கோவா ஃபெரைற்றா என்ற வாக்குவாதத்துக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ற் கலந்த காந்தம் அல்னிக்கோ. கோபால்ற் விலையேறியதுதான் ஃபெரைற் காந்தங்கள் உலகை நிறைத்ததற்குப் பெரிய காரணம். ஒலி மட்டமென்று யாரும் அல்னிக்கோவைக் கைவிடவில்லை, அதேபோல ஃபெரைற் என்பதால் ஒரு ஸ்பீக்கர் மட்டமாகியும் விடாது. கோனும் கொயிலும் ஒலியில் செய்கிற வித்தியாசம் இதைவிடப் பெரியது. நியோடிமியம் காந்தம் வேறு கதை. செலஸ்ரியன் நியோ கிறீம்பேக் சுமார் 2 கிலோதான், கிறீன்பேக்கோ மூன்றரை கிலோவைத் தாண்டும். சொந்தக்காரரின் சூட்கேசில் 23 கிலோவுக்குள் உடுப்பும் சொக்லேற்றும் போக மிச்ச இடத்தில் கேட்கிறோம் என்பதை நினைத்தால் அந்த வித்தியாசம் பெரியது.

உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கலாமா? கார் ஸ்பீக்கர் 4 ஓம் என்பதால் ஆசை வரும். அதன் சென்சிற்றிவிற்றி குறைவு, 5 வாற்றில் முனகும். பொது ஒலிபெருக்கிப் பெட்டியின் பன்னிரண்டு அங்குலம் சத்தம் போடும், ஆனால் கிற்றார் ஸ்பீக்கர் 5 கிலோஹேட்ஸ் அளவில் மேல் சுருதியை வெட்டிவிடுகிறது, அந்த வெட்டுதான் கரகரப்பை இனிமையாக்குகிறது. வெட்டாத ஸ்பீக்கரில் அதே கரகரப்பு தேனீக் கூட்டமாய் இரையும். சுத்தமான ஒலியில் மட்டும் வாசிப்பவர் பாவிக்கலாம். வீட்டுப் பழைய வால்வு ரேடியோவின் முட்டை வடிவ ஸ்பீக்கர்கள் அழகாகப் பாடும், ஓமும் சேம்ப்புக்குக் கிட்ட வரும். அவை ஓரிரு வாற்றுக்கென்று செய்த மெல்லிய கடதாசிக் கோன்கள். மெதுவாக வாசிக்க மட்டும், அதுவும் பாட்டனாரின் ரேடியோவை உடைத்து எடுக்காமல்.

யாருக்கு எது என்று நேரே சொல்கிறேன். தாண்டவன்வெளி, புளியந்தீவுப் பறங்கியர் வீடுகளில் வயலினோடு கபிரிஞ்ஞா ஆட்டத்துக்குத் தாளக் கிற்றார் பிடிப்பவருக்கும், தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கும் வேண்டியது கரகரக்காத, கோட் (சேர்ந்தொலிக்கிற சுரங்கள்) ஒவ்வொன்றும் தெளிவாக விழுகிற ஒலி. அவர்கள் சென்சிற்றிவிற்றி கூடிய ஜென்சன், எமினன்ஸ் பக்கம் போக வேண்டும், பன்னிரண்டில், அல்லது பத்து அங்குலம் இரண்டில். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கல்யாண வீட்டுக் குழுவில் சினிமாப் பாட்டின் லீட் வாசிப்பவருக்குக் கிறீன்பேக். பாசிக்குடா ஹோட்டல்களின் திறந்த வெளியில் வாசிப்பவருக்கு என் பதில் வேறு. சுவர் இல்லாத இடத்தில் சத்தம் திரும்பி வராது, 5 வாற்றுக்கு எந்த ஸ்பீக்கரும் போதாது. அங்கே மைக் வைக்கத்தான் வேண்டும், வைத்தால் உள்ளே இருக்கிற எட்டே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். இரவில் அறைக்குள் வாசிக்கிறவர் டெசிபல் குறைந்த ஸ்பீக்கரைத் தேடுவதுதான் நல்லது. அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் அம்ப்பைக் கொஞ்சம் கூடத் திறந்து கரகரக்க விடலாம்.

சாமான் சொல்லிவிடும்போது ஸ்பீக்கர் பெயரோடு ஓமையும் எழுத்தில் அனுப்புங்கள். ஒரே மாதிரியில் 8 ஓமும் 16 ஓமும் ஒன்றுபோலத் தெரிகிற அட்டைப்பெட்டிகளில் வரும், கடையில் நிற்கிற சொந்தக்காரருக்கு அது தெரியாது. வந்ததும் பெட்டியைத் திறந்து முதலில் மீற்றரை வையுங்கள். ஸ்பீக்கர் மாற்றச் சேஸியைத் திறக்கத் தேவையில்லை, திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றர்களில் தங்கியிருக்கும். ஸ்குரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி, கைப்பலத்துக்கு மட்டும் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினால் சட்டம் முறுகிக் கொயில் உரசும். ஸ்பீக்கர் இரண்டு போடுகிறவர்கள் 1.5 வோல்ற் பற்றரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், இரண்டு கோனும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் ஒன்றின் வயரை மாற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கீழ்ச் சுருதி முழுக்கக் காணாமல் போகும். புதுக் கோன் முதல் நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். சில மணிநேரம் நல்ல சத்தத்தில் வாசித்த பிறகு ஓர மடிப்பு இளகி மேல் சுருதியின் கூர் மழுங்கும். அதற்குப் பிறகு பிடித்திருக்கிறதா என்று முடிவு சொல்லுங்கள்.